மின்தடை நாளில் பிரேக்கர் சோதனை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்துத் தொழிற்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் ஏர் சர்க்யூட் பிரேக்கர்களைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலைக்கு எல்லோரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் நாள் எதுவோ, அதுவே மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய நாள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று மின்வாரியத்தின் அறிவிப்பு பத்திரிகையில் வந்ததும், "எப்படியும் கரண்ட் இருக்காது, அன்றைக்கே வந்து பிரேக்கரையும் பார்த்துவிடுங்கள் சார்" என்று மேனேஜர்கள் டெலிபோனில் அழைப்பார்கள். தனியாக ஷட்டவுன் எடுக்க வேண்டியதில்லை, உற்பத்தியும் கெடாது என்ற அவர்களுடைய கணக்கு நியாயமானதே. ஆயினும், தெருவில் கரண்ட் இல்லை என்பதும் பேனலில் கரண்ட் இல்லை என்பதும் இரு வேறு சமாசாரங்கள்.

வாரியத்தின் சப்ளை நின்ற சில விநாடிகளில் யாரும் தொடாமலே ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிவிடும். கிளம்புவதற்கென்றே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. யு.பி.எஸ். ஒரு பக்கம் தன் பாட்டரியோடு விழித்துக்கொண்டிருக்கும். பவர் ஃபாக்டரைச் சரிசெய்யும் கெபாசிட்டர் வரிசையோ, டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால், சப்ளை நின்று நெடுநேரமான பின்பும் ஆளை உதறித் தள்ளும் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். இவை போதாவென்று, வாரிய ஊழியர்கள் தங்கள் வேலையை விரைவாக முடித்துவிட்டால் 2 மணிக்கு முன்பே சப்ளை திரும்பிவிடும். அதைப் பற்றி யாரும் நமக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போவதில்லை.

ஆகவே வாரியத்தின் மின்தடையை ஒரு சௌகரியமாக மட்டும் எடுத்துக்கொண்டு, பாதுகாப்பை நாமே தனியாகச் செய்துகொள்ள வேண்டும். 11,000 வோல்ட் பக்கத்தில் நம்முடைய ஸ்விட்சைத் திறந்து பூட்ட வேண்டும். ஜெனரேட்டரின் செலக்டரை 'ஆஃப்' நிலையில் வைத்துப் பூட்டி, பாட்டரி ஒயரையும் கழற்றிவிட வேண்டும். பூட்டுகளின் சாவிகள் சோதனை செய்பவருடைய பையிலேயே இருக்க வேண்டும். பலகை எழுதி மாட்டுவது பூட்டுக்கு மேல் ஒரு மரியாதையேயன்றிப் பூட்டுக்குப் பதிலாகாது. சேலையூரில் ஓர் அடுக்குமாடியில் வேலை நடந்துகொண்டிருக்கையில் வாட்ச்மேன் வந்து, "சார், மூணாவது மாடியில பெரியம்மா கீழ வரணுமாம், லிஃப்ட் கேக்குறாங்க, ஜெனரேட்டரை ஆட்டோவுல போடட்டுமா?" என்று வெகு பவ்யமாகக் கேட்டார். கேட்டது அவருடைய நற்குணம். கேட்காமலே போடுபவர்களும் உண்டு. சாவி என் சட்டைப் பையில் இருந்ததால் அன்று அவருடைய நற்குணத்தை நம்பி நான் இருக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. பூட்டிய பிறகும், வோல்டேஜ் டெஸ்டரைத் தெரிந்த ஒரு மின்னழுத்தத்தில் வைத்துச் சரிபார்த்து, பஸ்பாரின் மூன்று பேஸ்களையும் நியூட்ரலையும் ஒன்றோடொன்றும் எர்த்தோடும் பார்த்து, மறுபடியும் டெஸ்டரையே ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம். ஏனெனில் செத்துப்போன டெஸ்டர் எல்லா பஸ்பாரையும் செத்ததாகவே காட்டும்.

இனி, பிரேக்கர் எப்போது விழ வேண்டும் என்று முடிவெடுக்கும் ட்ரிப் யூனிட்டைச் சோதிக்கும் கிட்டைப் பற்றிச் சொல்கிறேன். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு 433 வோல்ட் பக்கத்தில் முழுச்சுமை சுமார் 667 ஆம்பியர். அதற்கு 800 ஆம்பியர் பிரேக்கரைப் போட்டு, அதிகச் சுமைக்கான லாங் டைம் செட்டிங்கை 0.8-இல் வைத்தால் அது 640 ஆம்பியரைத் தன் அளவாகக் கொள்ளும். அதன் ஆறு மடங்கான 3,840 ஆம்பியரை உண்மையாகவே பிரேக்கருக்குள் செலுத்திப் பார்ப்பதற்கு ஆள் தூக்கமுடியாத கனத்த யந்திரம் வேண்டும். பெட்டிக்குள் அடங்கும் கிட், அந்த 3,840 ஆம்பியர் ஓடும்போது பிரேக்கரின் கரண்ட் டிரான்ஸ்பார்மர் (சி.டி.) தரக்கூடிய சிறு மின்னோட்டத்தை மட்டும் ட்ரிப் யூனிட்டின் சோதனைத் துளை வழியே கொடுத்து, அது எத்தனை விநாடியில் முடிவெடுக்கிறது என்று அளக்கிறது. ஆறு மடங்கில் 8 விநாடி என்று வைத்த யூனிட், மின்னோட்டத்தின் வர்க்க விதிப்படி மூன்று மடங்கில் சுமார் 32 விநாடி எடுத்துக்கொள்ளும். சில கம்பெனிகளின் வளைவு இதிலிருந்து விலகுமாதலால் அந்தந்தக் கையேட்டின் வளைவையும் சகிப்பு எல்லையையும் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பாட்டரிப் பெட்டி வேறொரு ஜாதி. அது யூனிட்டுக்கு உயிர் கொடுத்து ட்ரிப் காயிலை இயக்கிக் காட்டுமேயன்றி, காலத்தை அளக்காது.

ஒரு கம்பெனியின் கிட்டை இன்னொரு கம்பெனியின் யூனிட்டில், பிளக் பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செருகக் கூடாது. பிரேக்கர் 'சர்வீஸ்' நிலையில் சுமையோடு இருக்கும்போதும் கிட்டை மாட்டக் கூடாது. ட்ரிப் ஆனால் கட்டடம் இருண்டுவிடும், கிட் மாட்டியிருக்கும் வேளையில் சில யூனிட்களின் பாதுகாப்பே ஸ்தம்பித்திருக்கும். 'டெஸ்ட்' நிலையில் பிரதான கான்டாக்ட்கள் விலகிவிட்டாலும் துணைச் சர்க்யூட்கள் உயிரோடு இருப்பதால், இங்கே ட்ரிப் கொடுத்தால் அங்கே உயரழுத்த பிரேக்கரும் விழும்படி இணைப்பு இருக்கலாம். அதனால் துணைச் சர்க்யூட்களும் விலகிவிடும் 'ஐசொலேட்டட்' நிலையே என் விருப்பம். அங்கும் சார்ஜ் ஆன ஸ்பிரிங் ஒன்று காத்திருக்கிறது. அதை விடுவிக்காமல் உள்ளே விரல் நுழைத்தவரை எந்தக் கையுறையும் காப்பாற்றாது.

ஒரே பேஸில் மின்னோட்டத்தைச் செலுத்தும்போது மூன்று பேஸ்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாகாது. எர்த் ஃபால்ட் பாதுகாப்பு முந்திக்கொண்டு ட்ரிப் கொடுத்துவிடும். லாங் டைமைப் பார்க்க வந்தவர் யூனிட் கெட்டுவிட்டது என்று எழுதிப்போவதை நான் கண்டிருக்கிறேன். கிட்டில் எர்த் ஃபால்ட்டை ஒடுக்கிவைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்தடுத்துச் சோதித்தால் இரண்டாம் முறை சீக்கிரம் ட்ரிப் ஆவதும் பழுதன்று. முன்பு பட்ட உஷ்ணத்தை யூனிட் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவை அழித்தோ, கையேடு சொல்லும் நேரம் பொறுத்திருந்தோ தொடர வேண்டும். இன்சுலேஷனைப் பார்க்க மெகர் போடுவதற்கு முன் ட்ரிப் யூனிட்டின் மின்னழுத்த இணைப்பைக் கழற்ற மறந்தால், சோதிக்க வேண்டிய யூனிட்டே பிறகு மிஞ்சாது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகளும் மூழ்கிய பிறகு, நீரில் நின்ற பேனல்களின் யூனிட்களை வெயிலில் உலர்த்தி, கிட்டில் பாஸ் வாங்கித் தாருங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. உலர்ந்த யூனிட் அன்று சரியாகவே விடை சொல்லலாம். போர்டின் மேல் படிந்த சேறும் உப்பும் பல மாதம் கழித்துத் தம் வேலையைச் செய்யும். நீரில் மூழ்கிய எலக்ட்ரானிக் யூனிட்டை மாற்றுவது ஒன்றே வழி. மூழ்கிய யூனிட்டை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை சொல்லக் கிட்டுக்கு அதிகாரம் கிடையாது.

அதன் அதிகாரம் வேறிடத்திலும் குறுகியதே. சி.டி.யும் அதிலிருந்து யூனிட்டுக்கு வரும் ஒயரும் நல்லவையா என்று அது அறியாது. அதற்கு அந்தக் கனத்த யந்திரத்தின் பிரைமரி இன்ஜெக்ஷனே வேண்டும். பிரேக்கரைப் புதிதாக நிறுவும்போதும் சி.டி.யில் சந்தேகம் எழும்போதும் அந்தச் செலவைத் தவிர்க்கலாகாது.

வேலை முடிந்ததும் எஞ்சும் அபாயம் மிகச் சாதாரணமானது: சோதனைக்காகத் திருப்பிய செட்டிங் திரும்ப வைக்கப்படாமல் போவது. மேலே சொன்ன 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் எனில், அதன் வாசலில் ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் சுமார் 15,000 ஆம்பியர் பாயும். மாறிய செட்டிங்கோடு நிற்கும் பிரேக்கர் அதை எதிர்கொள்ளும் விதம் யாருக்கும் விளையாட்டாக இராது. தொடங்கும் முன் எல்லா டயல்களையும் போட்டோ எடுத்து, முடிந்த பின் அதே படத்தோடு ஒப்பிட்டு, ஒடுக்கிவைத்த எர்த் ஃபால்ட் மீண்டும் இயங்குகிறதென்று உறுதிசெய்த பிறகே பூட்டைக் கழற்ற வேண்டும்.

கட்டடத்துக்கும் ஆலைக்கும் பொறுப்பாளர்களாக இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொத்தானை அழுத்தி, பிரேக்கர் டமாரென்று விழுவதைக் காட்டி, ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்பவரிடம், ஒவ்வொரு பேஸுக்கும் எத்தனை மடங்கில் எத்தனை விநாடி வந்தது, சோதனைக்கு முன்பும் பின்பும் செட்டிங் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அவை இல்லாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.