கையில் கட்டும் பட்டை: எதை எண்ணும், எதை எண்ணாது?



போன மாதம் மாமல்லபுரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, சந்தா, கடன் தவணை எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு ஒரு புதுக் கோரிக்கை வந்தது. "எங்க நாலு பேருக்கும் ஃபிட்னஸ் பேண்ட் வாங்கணும், உள்கடன் குடுங்க" என்றார்கள். வாட்ச் மாதிரி மெல்லிசாகக் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை அது. நடந்த அடி, இதயத்துடிப்பு, தூக்கம் எல்லாம் காட்டும். ஒன்று சுமார் 2,000 ரூபாய்.

அதே குழுவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் ஏற்கெனவே அதைக் கட்டியிருந்தார். மகன் வாங்கிக் கொடுத்தது. "இதுல 78-ன்னு காட்டுது. இதயம் நல்லாத்தான் ஓடுது. அப்புறம் எதுக்கு மாசாமாசம் பிபி பாக்கணும்?" என்று பரிசோதனைக்குப் போவதையே நான்கு மாதமாக விட்டுவிட்டார். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அன்று கூட்டத்துக்கு வந்திருந்த சுகாதாரத் தன்னார்வலர் பிபி பார்த்தார். 170-க்கு 110! பட்டையில் அப்போதும் 78தான்.

பட்டை பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. தெரியாததையும் அது சொல்லும் என்று நாம்தான் நம்பிவிட்டோம். அதனால் இந்த மாதப் பாடத்தை இந்தப் பட்டை பற்றியே வைத்துக்கொண்டோம்.

பட்டை எப்படி எண்ணுகிறது?

பட்டையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுக்கும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று காட்டுகிறது. அடிக் கணக்கு தனி. கை வீசுவதை வைத்து அதை எண்ணுகிறது.

துடிப்பு வேறு, ரத்த அழுத்தம் வேறு. அடிபம்பை நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறோம் என்பது துடிப்பு. தண்ணீர் குழாயின் சுவரை எவ்வளவு பலமாக முட்டுகிறது என்பது அழுத்தம். அடிப்பது சீராக இருந்தாலும் குழாய்க்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான்.

இதில் உள்ள நல்லது

1. துடிப்பை ஓரளவு சரியாகச் சொல்லும். 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 60 பேருக்கு 7 வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தது. அதில் 6 கருவிகளில் துடிப்புக் கணக்கின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது.

2. நடக்கத் தூண்டும். ஆனால் 10,000 அடி வரவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். அந்த எண் மருத்துவர் சொன்னதல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவு என்று தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் காணவில்லை.

3. நம் உடம்பின் போக்கு தெரியும். திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறி இறங்கி உட்கார்ந்த பிறகு துடிப்பு எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்று மாதாமாதம் பார்க்கலாம். நடை கூடக் கூடச் சீக்கிரம் தணிந்தால் நல்ல அறிகுறி.

இதில் உள்ள குறை

1. பிபி, சுகர் தெரியாது. "எல்லாம் காட்டும்" என்று சொல்லி மலிவாக விற்பவற்றை நம்பாதீர்கள். ஊசி குத்தாமலே சுகர் பார்ப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

2. கை ஆடினால் கணக்கு ஆடும். 2020-ல் வெளியான ட்யூக் பல்கலைக்கழக ஆய்வில், சும்மா இருக்கும்போதைவிட வேலை செய்யும்போது துடிப்புக் கணக்கின் பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது. கறுப்பு, சிவப்பு என்று தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் அந்த ஆய்வில் தெரியவில்லை. ஆனால் மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் ஒளி தடைபடலாம். வளையலுக்கு நடுவே லொடலொடவென்று கட்டினாலும் தப்பாகக் காட்டும்.

3. நம் வேலைக்கு ஏற்ற அடிக் கணக்கு இல்லை. மீன் கூடையைத் தலையில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீசாது. நடந்த அடியில் பாதி விட்டுப் போகலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து துணி துவைத்தாலோ, கல் செதுக்கினாலோ நடக்காத அடி கணக்கில் ஏறலாம்.

4. கலோரிக் கணக்கு நம்பத் தகாதது. அதே 2017 ஆய்வில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்.

5. தோல் அரிப்பு வரலாம். 2014-ல் ஃபிட்பிட் நிறுவனம் தன் 'ஃபோர்ஸ்' பட்டையைத் தோல் புண் புகாரால் திரும்பப் பெற்றது. உப்புத் தண்ணீரும் வியர்வையும் படும் கைக்கு இன்னும் கவனம் வேண்டும். தினமும் கழற்றிக் கழுவித் துடையுங்கள். ராத்திரி கொஞ்ச நேரமாவது கை காற்றாட இருக்கட்டும்.

6. பட்டையின் கணக்கு போனுக்குப் போகும். போன் யார் கையில் இருக்கிறதோ, நம் தூக்கமும் நடையும் அவருக்குத் தெரியும். இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்ப்போம்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பாருங்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம். பட்டை உள்ளவர்கள் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத கருவி நம் விரலிலேயே இருக்கிறது!

கடன் கொடுக்கலாமா?

அந்தக் குழுவில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு பட்டைக்கு 8,000 ரூபாய். மேல் கையில் சுற்றிப் பார்க்கும் நல்ல பிபி மெஷின் ஒன்று ஏறக்குறைய ஒரு பட்டையின் விலைதான். பட்டை ஒரு கைக்கு. மெஷின் குழுவில் உள்ள 12 பேர் கைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கணக்குப்படி, உலகில் ரத்தக் கொதிப்பு உள்ள 128 கோடிப் பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நம் 12 பேரில் யார் யாரோ?

குழு தீர்மானம் எழுதியது: பொது நிதியில் ஒரு பிபி மெஷின். பட்டை வேண்டுவோர் சொந்தச் சேமிப்பில் வாங்கிக்கொள்ளலாம். கடன் கேட்ட நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். மீன் விற்கும் அக்கா மறுநாளே டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னபடி மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார். பட்டையை அவர் கழற்றவில்லை. "இது நடைக்கு, அது பிபிக்கு" என்கிறார்.

மறக்காதீர்கள்

* 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்த்த தன்னார்வலர்கள் நம் போன்ற குழுப் பெண்கள்தான். அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.
* பிபி 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
* நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல் என்றால் பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழுவில் பேசுங்கள்

1. நம் குழுவில் கடைசியாக எப்போது, எத்தனை பேர் பிபி பார்த்தோம்?
2. மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் யார்? ஏன் விட்டார்கள்?
3. கூட்ட நாளில் எல்லோருக்கும் பிபி பார்த்து நோட்டில் எழுதும் பொறுப்பை யார் ஏற்பது?

சேமிப்புக் கணக்கை மாதம் தவறாமல் எழுதுகிறோம். அடுத்த கூட்டத்திலிருந்து உடம்புக் கணக்கையும் எழுதுவோம்.