புகைப்படத்தை எழுந்து நிற்க வைப்போம்

புகைப்படம் தட்டையானது. அதில் நிற்கும் மனிதரும், அவருக்குப் பின்னால் தொலைவில் உள்ள தென்னையும் ஒரே தாளில் ஒட்டிக் கிடக்கின்றனர். அவற்றை முன்னும் பின்னுமாக எழுந்து நிற்கச் செய்யும் அடுக்கு ஆல்பம் பற்றி எழுதுகிறேன்.

இக்கைவேலை நம் ஊருக்கு முற்றிலும் புதியதன்று. தஞ்சாவூர் ஓவியத்தைப் பாருங்கள். பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்த மக்கினால் நகைகளையும் தூண்களையும் மேடாக்கி, அதன் மேல் தங்கத் தாள் பதிப்பார்கள். முகத்தை மட்டும் மேடாக்காமல் வண்ணத்தால் தீட்டி விடுவார்கள். இராஜா இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்களுக்கும் அக்காலப் பெண்கள் சரிகையும் ஜிகினாவும் தைத்து உடுத்தி அழகு பார்த்தனர்.

நமக்கு வேண்டியவை: ஒரே படத்தின் நான்கு கலர் நகல்கள் (நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும்), கெட்டி அட்டை, கூர்மையான சிறு கத்தரிக்கோல், பசை, நெட்டி. ஏரி குளங்களில் வளரும் செடியின் வெண்மையான தக்கைதான் நெட்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் விற்கும் பெரிய கோயில் மாதிரிகள் இதில் செய்தவையே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெட்டி கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பைக் கழுவி வெட்டிக் கொள்ளலாம். சிரிக்காதீர்கள், நன்றாகவே நிற்கிறது! தெர்மோகோல் வேண்டாம், வெட்டினால் அறை முழுவதும் பறக்கும்.

முதல் நகலை முழுதாக அட்டையில் ஒட்டுங்கள். இரண்டாவதில் வானத்தை நீக்கி, மரங்களையும் அவற்றுக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் வையுங்கள். மூன்றாவதில் மனிதர்கள் மட்டும். நான்காவதில் நமக்கு மிக அருகில் இருப்பது மட்டும்: ஒரு குழந்தை, அல்லது நீட்டிய கை. முகத்தைத் தனியே வெட்டி உயர்த்தாதீர்கள்; முகமூடி போல் ஆகிவிடும். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரியும். அதே நிறப் பென்சிலால் தடவினால் மறையும்.

நெட்டியை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சிறு துண்டுகளாக்கி, ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டி, அதன் மேல் அடுத்த அடுக்கை வையுங்கள். கீழே உள்ள உருவத்தின் மேல் மேல் உருவம் சரியாகப் பொருந்த வேண்டும். மூன்று அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். ஆகவே பக்கத்தின் நான்கு புறமும் அதே உயரத்துக்கு அட்டைச் சட்டம் ஒட்டாவிட்டால், ஆல்பத்தை மூடும்போது படம் நசுங்கும். மைதாப் பசை பூச்சியை அழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். பசை காயாமல் தாள் அலையலையாகிவிடும்.

நகல்களைத்தான் வெட்ட வேண்டும் என்பதை நான் பட்டே அறிந்தேன். தாத்தா குறுவை அறுப்பின்போது குடையுடன் வரப்பில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. அவருக்கு வேறு படமே இல்லை. சென்ற விடுமுறையில் அதையே வெட்டிவிட்டேன். அப்பாயி திட்டவில்லை. குப்பையில் கிடந்த வயலையும் வானத்தையும் பொறுக்கித் தம் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்து அத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் மெல்லிய தாள் கொடுத்து இணைத்து, கடையில் நகல் எடுத்தேன். தாத்தாவைச் சுற்றிக் கத்தரி சென்ற கோடு எல்லா நகலிலும் விழுந்திருந்தது. அக்கோட்டின் மேலேயே வெட்டி, வயலுக்கு மேல் அவரை உயர்த்தி ஒட்டினேன். கோடு அவருடைய நிழலுக்குள் போய்விட்டது. குடையின் நுனியில் மட்டும் இன்னும் சிறிது தெரிகிறது.

ஒட்டிய மூலப்படம் இப்போது உறைக்குள் இருக்கிறது. அதன் பின்புறம் ஊரையும் பெயரையும் அப்பாயி சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினேன். ஆல்பத்தை அவர்கள் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது தாத்தாவின் நிழல் நெல்லின் மேல் விழுகிறது.