ஜீனோவுக்கு சார்ஜ் எங்கே போடுவது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் புகார்ப் பட்டியல் தேவகோட்டையிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. சுஜாதா கதையில் வரும் ஜீனோ மாதிரி ஒரு ரோபோ நாய் செய்ய உட்கார்ந்தால், கால் எடுத்து வைப்பதற்குள் படுத்துவிடுகிறது. 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த செல் ரெண்டே நாளில் பல்லை இளிக்கிறது. போன் பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து நிற்கிறது; கடைக்காரர் “புதுசே வாங்கிருங்க தம்பி” என்கிறார். தமிழில் அறிவியல் புனைகதை தேடினால் சுஜாதாவைத் தாண்டி ஆள் அகப்படுவதில்லை. இது போதாதென்று, கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று பேர் வாங்கிய பாவத்துக்குத் தெருவிலுள்ள டி.வி. ரிமோட்டெல்லாம் உங்கள் திண்ணைக்கு வந்து சேர்கிறது.

ரிமோட்டுக்கு மருந்து கிடையாது. கதைக்கு, ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பை எடுத்துப் படி. வேறு மாதிரி ஆள், வேறு மாதிரி கதைகள். முதல் மூன்று புகாரும் ஒன்றுதான். மின்சாரத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவது இன்னும் மனிதனுக்குச் சரியாகக் கைவரவில்லை.

ஜீனோ வரும் ‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பேசும், புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும் அந்த இயந்திர நாயைப் படித்தவர்கள், மூளைதான் கஷ்டம், உடம்பு சுலபம் என்று நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். பேசுகிற, படிக்கிற மென்பொருள் இன்று உன் சட்டைப் பையில் இருக்கிறது. உடம்போ வயிற்றுப்பாட்டில் மாட்டிக்கொண்டது. பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்பாட்’ என்ற நான்குகால் ரோபோ 32 கிலோ எடை. மாடிப்படி ஏறும், கை பொருத்தினால் கதவும் திறக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். சோனி 2018இல் திரும்பக் கொண்டுவந்த ‘ஐபோ’ என்ற பொம்மை நாய் இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு, மூன்று மணி நேரம் சார்ஜரில் படுத்துக்கொள்ளும்.

இதில் கணக்கைப் பார். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி இருக்கிறது. அதை மின்சாரக்காரர்கள் பேசும் கணக்குக்கு மாற்றினால் 400 வாட்-மணி. இன்றைய நல்ல லித்தியம் அயனி செல் ஒரு கிலோவுக்கு 250 வாட்-மணி கொடுக்கும். அதாவது, உங்கள் அப்பத்தா வாசலில் நாய்க்கு வைக்கும் நூறு கிராம் அரிசிச் சோற்றுக்குச் சமமாக ஒன்றரைக் கிலோ பேட்டரி தூக்க வேண்டும். அந்தச் சோற்றை வைத்து அது தெருவை அளந்துவிட்டு, ராத்திரி குரைக்கவும் செய்கிறது.

புனைகதைக்காரர்களில் சிலர் இதைக் கவனித்திருக்கிறார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள். மின்சாரம் பாய்ந்தால்தான் ஆள் மறைவார், கை மட்டும் தெரியும். சார்ஜ் போடாமல் வேலை நடக்காத கதாநாயகன். ‘எந்திரன்’ ரயில் சண்டையில் ரோபோ சிட்டிக்குச் சார்ஜ் இறங்குகிறதே, அந்தப் படத்திலேயே விஞ்ஞானத்துக்கு மிக நெருக்கமான இடம் அதுதான். மற்றதெல்லாம் ஷங்கரின் பட்ஜெட்.

இனி உன் மேசைக்கு வருவோம். நாய்க்கு எட்டு சின்ன சர்வோ மோட்டார் வைத்திருக்கிறாய், சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறாய். பொழுதுபோக்குக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்கிற எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். ரோபோவுக்கு அதைவிடப் பொருந்தாத பேட்டரி கிடையாது. புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் அது நல்லது. உள்ளே மெல்லிய ஆறு செல்கள் அடுக்கியிருப்பார்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. ஒரு சின்ன சர்வோ எதிலாவது முட்டி நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு கால் ஒரே நேரத்தில் நாயின் எடையைத் தூக்கும்போது வோல்டேஜ் சரிந்து, ஆர்டுயினோ போர்டு அணைந்து அணைந்து எழும். நீ புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருப்பாய்! சர்வோக்களுக்குத் தனி பேட்டரி கொடு. அதன் மைனஸையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் மட்டும் சேர்த்துவிடு. முதலில் ஒரு காலை மட்டும் ஓட்டி, மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று குறித்து வைத்துக்கொள்.

9,900 செல் விஷயம் சுத்த மோசடி. அந்த அளவு செல்லுக்கு 18650 என்று பேர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த டப்பாவுக்குள் நல்ல கம்பெனிகளே 3,500 அல்லது அதற்குச் சற்று மேல்தான் அடைக்க முடிகிறது. கடைத்தெரு நகை ஆசாரியிடம் கொடுத்து எடை போடச் சொல். உண்மையான செல் சுமார் 45 கிராமாவது இருக்கும். முப்பது சொச்சம் காட்டினால், உள்ளே சின்ன செல்லை வைத்து மேலே சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். பவர் பேங்க்கில் நடப்பது இன்னொரு தினுசு. அது பொய் இல்லை, பாதி உண்மை. 10,000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது 7,400. அதிலும் மாற்றும் சர்க்யூட் கமிஷன் எடுத்ததுபோகக் கைக்கு வருவது ஆறாயிரத்துச் சொச்சம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இந்தச் சின்ன எண்ணும் இருக்கும். அங்கேயே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்.

போன் பேட்டரி ஏன் உப்புகிறது? லித்தியம் அயனி செல்லில் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் உலோக ஆக்ஸைடு, நடுவில் அயனிகள் போய்வர ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். இறங்கும்போது திரும்பி வரும். முழு சார்ஜில், 4.2 வோல்ட்டில், அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏற சிதைவின் வேகம் கூடும், வாயு சேரும், பை உப்பும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ராத்திரி பகலாக சார்ஜரில் தொங்கும் போனுக்கு ஆயுசு எப்படி இருக்கும்? சார்ஜை இருபது சதவீதத்துக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் கூடக் கொஞ்ச நாள் வாழும். உப்பிய பேட்டரியைக் குத்தாதே, அழுத்தாதே, சார்ஜ் போடாதே. இது மட்டும் விளையாட்டில்லை.

‘புதுசு வாங்கு’ என்ற பதிலில் மட்டும் உன் கோபம் முழுக்க நியாயம். முதல் ஐபோ 1999இல் வந்தபோது விலை இரண்டரை லட்சம் யென். ஜப்பானில் 3,000 நாய்கள் இருபது நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. 2006இல் உற்பத்தி நின்றது, 2014இல் பழுதுபார்ப்பும் நின்றது. பாகம் கிடைக்காமல் நாய்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. சோனியில் வேலை பார்த்த பழைய பொறியாளர்கள் தனியே கடை வைத்து, ஓடாத நாய்களிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்றவற்றுக்குப் பொருத்தினார்கள். கழற்றுவதற்கு முன் சிபா மாகாணத்திலுள்ள ஒரு புத்தக் கோவிலில் அந்த நாய்களுக்கு ஈமச்சடங்கு நடந்தது. அறிவியல் புனைகதைக்காரர் எவரும் இப்படி ஒரு காட்சியை யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. சட்டம் என்று ஒன்று வந்தால்தான் கடைக்காரர் பேச்சு மாறும்.

சுஜாதாவையே இந்த மின்சாரக் கணக்கோடு பார்க்கலாம். அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திர வாக்குப்பதிவு முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வந்தது. அந்தப் பெட்டிக்குச் சுவர் பிளக் தேவையில்லை. ஒரு சின்ன பேட்டரித் தொகுப்பிலேயே நாள் முழுக்க ஓடும். கரண்ட் கம்பி எட்டாத ஊரிலும் ஓட்டு விழ வேண்டுமே. கதையில் ஆடம்பரமான இயந்திரம், வேலையில் சிக்கனமான இயந்திரம். இரண்டையும் ஒரே ஆள் செய்தார்.

உங்கள் பக்கத்துக்கும் இந்த விவகாரத்தில் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் மின் இணைப்புக் கிடைக்காமல், பட அதிபர் ஏவி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். அதைவிடப் பெரிய சங்கதி காரைக்குடி சிக்ரி ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம். துருப்பிடிப்பதிலிருந்து பேட்டரி வரை அவர்கள் பாடு. இந்தியாவிலேயே உருவாக்கிய லித்தியம் அயனி செல் தொழில்நுட்பத்தை 2018இல் ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாற்றியதும் சிக்ரிதான். நீ இணையத்தில் சீனத்து வீடியோ பார்த்துத் தேடுகிற விஷயம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது.

செப்டம்பர் 26, சிக்ரியை நடத்தும் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். உங்கள் அறிவியல் வாத்தியாரிடம் சொல்லி, தேதியைக் கேட்டு வைத்துக்கொள். போனால், சோடியம் அயனி பேட்டரி எந்த மட்டில் இருக்கிறது, வெப்பநாட்டுக்கென்று செல் வடிவமைக்க முடியுமா என்று கேள். அங்கேயே அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் வேதி, மின்வேதிப் பொறியியலுக்கு பி.டெக். படிப்பு இருக்கிறது, அதையும் விசாரி.

அதுவரைக்கும், எலெக்ட்ரானிக்ஸ் பையன்கள் தொடவே பயப்படும் பிளஸ் டூ வேதியியல் இரண்டாம் தொகுதியை யாரிடமாவது வாங்கு. மின்வேதியியல் பாடத்தில் லித்தியம் அயனி செல்லின் வினைகளைப் போட்டிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறாய் என்று அப்பத்தா கேட்டால், பாடம் படிக்கிறேன் என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது.

அன்புடன்,
மாமா