ஐந்தடிப் பலகையில் ஒரு ரயில்வே யார்டு



சென்ற ஆண்டு நம் பாலிடெக்னிக் கண்காட்சிக்கு வந்தவர்களில் சிலருக்கு எங்கள் ரயில் நினைவிருக்கலாம். முதல் நாள் வந்தவர்கள் ஓடாத ரயிலைப் பார்த்தீர்கள். இரண்டாம் நாள் வந்தவர்கள் ஓடிய ரயிலைப் பார்த்தீர்கள். நடுவில் ஒரு ராத்திரி இருந்தது. அந்த ராத்திரியில் நான் கற்றுக்கொண்டதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. அடுத்த வருடம் யாராவது ஜூனியர் மாதிரி ரயில் செய்ய நினைத்தால், நாங்கள் விழுந்த குழியில் அவர்களும் விழ வேண்டாம் அல்லவா?

ஆரம்பம் இப்படித்தான். எங்கள் பெஞ்ச் நண்பன் ஒருவனின் மாமா வளைகுடாவிலிருந்து எப்போதோ வாங்கி வந்த எச்.ஓ. ரயில் செட் ஒன்று அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. ஒரு சின்ன ஷண்டிங் என்ஜின், எட்டு வேகன்கள், கொஞ்சம் தண்டவாளம், இரண்டு பாயிண்ட். நான் எலக்ட்ரிக்கல். இன்னொரு நண்பன் மெக்கானிக்கல். மூன்றாமவன் சிவில். மூன்று டிபார்ட்மென்டும் சேர்ந்துவிட்டது, இனி என்ன குறை என்று இறங்கிவிட்டோம்.

அளவு என்ன?

எச்.ஓ. என்றால் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1435 மில்லிமீட்டர் வரும். அதுதான் ஐரோப்பா, அமெரிக்காவில் உள்ள ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதற்கு இந்த அளவில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். ஆகவே நம் ஊர் என்ஜின் மாதிரியை இந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால் கால் ஒடுங்கி நிற்கும். சிவில் நண்பனுக்கு இது பெரிய மனக்குறை. "பரவாயில்லடா, முதல்ல ஓடட்டும்" என்று சமாதானம் சொன்னோம்.

என்ன லே-அவுட்?

எல்லோரும் முதலில் நினைப்பது வட்டம். சுற்றிச் சுற்றி வரும் ரயில். ஐந்து நிமிடம் பார்ப்பீர்கள், ஆறாவது நிமிடம் காபி குடிக்கப் போய்விடுவீர்கள். மேலும் வட்டத்துக்கு மேஜை பெரிதாக வேண்டும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டும் இதே 87-ல் ஒரு பங்கு அளவுதான், ஆனால் அவர்களிடம் கட்டடமே இருக்கிறது. எங்களிடம் இருந்தது 5 அடி நீளம், 1 அடி அகலமுள்ள ஒரு பிளைவுட் துண்டு.

அந்த அளவுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் இங்கிள்நூக் சைடிங்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்ற மாதிரி ரயில் ஆர்வலர் உருவாக்கியது. மூன்றே மூன்று லைன், இரண்டே இரண்டு பாயிண்ட். நீளமான லைனில் ஐந்து வேகன் நிற்கலாம். மற்ற இரண்டு லைனிலும் மும்மூன்று வேகன். எல்லாம் சேரும் முனையில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும் அளவுக்கு ஒரு இழுப்பு லைன். அவ்வளவுதான்.

விளையாட்டு என்னவென்றால், எட்டு வேகனுக்கும் எண் கொடுத்து, எட்டுச் சீட்டு எழுதி, அதில் ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசைப்படியே ஐந்து வேகனையும் நீள லைனில் கோத்து நிறுத்த வேண்டும். 8 × 7 × 6 × 5 × 4 என்று பெருக்கிப் பாருங்கள். 6720 விதமான ரயில்கள்! ஐந்தடிப் பலகையில் ஒரு ஆயுசுக்குப் போதும்.

சைடிங் நீளத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. பாயிண்ட் பிரிந்த உடனேயே அளக்கத் தொடங்கக் கூடாது. பக்கத்து லைனில் போகும் வண்டி உரசாத அளவுக்கு இரண்டு லைனும் விலகிய இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். நிஜ ரயில்வேயில் அந்த இடத்துக்கு பவுலிங் மார்க் என்று பெயர். நாங்கள் இதை விட்டுவிட்டு ஆணி அடித்துப் பிறகு பிடுங்கினோம்.

கண்காட்சி முதல் நாள்

பலகைக்கு அடியில் சட்டம் அடித்தது சிவில். தண்டவாளம் பதித்ததும் சக்கரங்களைச் சரிபார்த்ததும் மெக்கானிக்கல். வயரிங் நான். 12 வோல்ட் அடாப்டர், வேகத்துக்கு லேபிலிருந்து ஒரு ரியோஸ்டாட், முன்னே பின்னே போக ஒரு டி.பி.டி.டி. ஸ்விட்ச். அதிலிருந்து இரண்டே இரண்டு வயர், இழுப்பு லைனின் இரண்டு தண்டவாளத்துக்கும். மற்ற இடங்களுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே போய்விடும் என்பது என் கணக்கு. தண்டவாளத் துண்டுகளை இணைக்க சின்னத் தகட்டு இணைப்புகள் இருக்கின்றன, நிஜ ரயிலில் பிஷ் பிளேட் மாதிரி. உலோகம்தானே, கடத்தும்.

காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். என்ஜின் இழுப்பு லைனில் அழகாக ஓடியது. பாயிண்டைத் தாண்டியது. மூன்றாம் லைனின் கோடியில் போய் மூன்று வேகனைக் கோத்தது. பிறகு நகரவே இல்லை. விரலால் தள்ளினால் முனகிக்கொண்டு ஓரடி வந்தது. ரியோஸ்டாட்டை முழுதும் திறந்தாலும் அதே கதை.

நான் மல்டிமீட்டரை எடுத்தேன். என்ஜினைத் தூக்கிவிட்டு, மூன்றாம் லைனின் கோடியில் இரண்டு தண்டவாளத்திலும் வைத்தேன். 12 வோல்ட்! துல்லியமாக 12. எல்லோருக்கும் காட்டினேன்.

"வயரிங் பக்கா. உன் சக்கரம்தான் இறுக்குது. தண்டவாளத்தையும் நீ ஒழுங்கா போடல" என்று மெக்கானிக்கல் நண்பனைப் பார்த்துச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால். அவன் முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒவ்வொரு ஜோடி சக்கரத்தின் உட்பக்க இடைவெளியையும் வெர்னியரில் வைத்து 14.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தவன். ஒரு வார்த்தை பேசவில்லை. வெர்னியரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

ஒரு பல்பு சொன்ன உண்மை

சாயங்காலம் கூட்டம் போன பிறகு எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்தார். நான் மறுபடியும் மீட்டரை வைத்து 12 வோல்ட் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்தார். 12 வோல்ட், 5 வாட்.

"தம்பி, இதையும் சேர்த்து வச்சிட்டு அள."

பல்பை மூன்றாம் லைன் கோடியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. மீட்டர் 7.8 காட்டியது. பல்பை எடுத்தால் 12. வைத்தால் 7.8. எனக்கு முகமே வெளுத்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். காணாமல் போனது 4.2 வோல்ட். பல்பு வழியே போன மின்னோட்டம் 0.33 ஆம்பியர். வகுத்தால் சுமார் 12.7 ஓம். என் வயரிலிருந்து அந்தக் கோடி வரை போக நான்கு, திரும்பி வர நான்கு, ஆக எட்டு தகட்டு இணைப்புகள். பரணில் கிடந்து கறுத்துப்போய், பிடி தளர்ந்தவை. ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றரை ஓம். என்ஜின் மூன்று வேகனோடு கிளம்ப அரை ஆம்பியர் கேட்டால், 6 வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மிச்சத்தில் அது முனகாமல் என்ன செய்யும்?

சரி, மீட்டர் ஏன் 12 காட்டியது? மீட்டர் பொய் சொல்லவில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம். அது எடுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். அதை 12.7 ஓமால் பெருக்கினால் வருவது சில மைக்ரோ வோல்ட். மீட்டருக்குத் தெரியவே தெரியாது. மின்னோட்டம் ஓடாத இடத்தில் மின்னழுத்த இழப்பும் இல்லை. ஓம் விதி முதல் செமஸ்டர் பாடம். பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவன் நான்.

சுமை இல்லாமல் அளந்தால் எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான். நண்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

ஹாஸ்டலுக்குப் போனேன். "மச்சி, தப்பு என்னோடது. உன் சக்கரத்துல ஒண்ணும் இல்ல" என்றேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே, "எல்லார் முன்னாடியும் சொன்ன, அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றான். நியாயம்தானே. மறுநாள் சொன்னேன். இதோ, இப்போது எழுத்திலும் சொல்கிறேன்.

ராத்திரி செய்த வேலை

பலகைக்கு அடியில் நீளவாக்கில் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இரண்டு ஓட்டினோம், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் பக்கத்தில் துளை போட்டு, சின்ன வயரை மேலே கொண்டுவந்து தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் செய்தோம். எந்தத் துண்டும் பக்கத்துத் துண்டை நம்பி இல்லை. அந்தச் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு 0.017 ஓம்தான். போக வர மூன்று மீட்டர் என்றாலும் 0.05 ஓம். பல்பை வைத்தோம். 11.9 வோல்ட்.

சால்டர் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. தண்டவாளத்தை முதலில் சின்ன அரத்தால் பளபளப்பாக்கி ஈயம் பூசுங்கள். வயருக்கும் தனியாக ஈயம் பூசுங்கள். பிறகு இரண்டையும் ஒட்டுவது மூன்று செகண்ட் வேலை.

2. அதற்கு மேல் இரும்பை வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வையுங்கள்.

3. தகட்டு இணைப்புகளையே சால்டர் செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒன்றரை மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் வளைந்துகொள்ளும்.

4. தண்டவாளத்தை எமரி ஷீட்டால் தேய்க்காதீர்கள். நாங்கள் தேய்த்தோம். கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

பிறகு செய்த முன்னேற்றம்

கண்காட்சி முடிந்தபின் ரியோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம். அது மோட்டாரோடு தொடரிணைப்பில் நிற்கும் மின்தடை. என்ஜின் நிற்கும்போது அதிக மின்னோட்டம் கேட்கும், அப்போது ரியோஸ்டாட் அதிக வோல்டைத் தின்னும். நகர்ந்ததும் மின்னோட்டம் குறையும், வோல்ட் ஏறும், என்ஜின் குதிரை மாதிரி பாயும். அதற்குப் பதில் 555 ஐ.சி.யும் ஒரு பவர் டிரான்சிஸ்டரும் வைத்து பி.டபிள்யூ.எம். கட்டுப்பாடு செய்தோம். ஒவ்வொரு துடிப்பும் முழு 12 வோல்ட். துடிப்பின் அகலம்தான் மாறும். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு போட மறக்காதீர்கள், டி.பி.டி.டி. ஸ்விட்சுக்கு முந்தைய பக்கத்தில். ஆர்டுயினோ தெரிந்தவர்கள் அதிலும் செய்யலாம்.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்திய ரயில்வேயில் பொதுவாக ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதை 87-ஆல் வகுத்தால் செகண்டுக்கு 4.8 சென்டிமீட்டர். அதாவது எங்கள் பலகையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கடக்க அரை நிமிடம். பொறுமையாக ஓட்டிப் பாருங்கள், பொம்மை ரயில் நிஜ ரயிலாகிவிடும்.

அடுத்த படி டி.சி.சி. 1990-களில் அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. அமைப்பு இதற்குத் தரம் வகுத்தது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், கட்டளையும் அதன் வழியாகவே போகும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் தனி எண் கொண்ட டிகோடர் தன் கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதற்கும் அடியில் நல்ல வயரிங் வேண்டும்.

இரண்டாம் நாள்

இரண்டாம் நாள் சீட்டுகளை ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினோம். அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து ஐந்து சீட்டு எடுத்தாள். அவளுக்கு வேண்டிய வேகன் ஒன்று மூன்றாம் லைனின் கோடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்றையும் இழுத்தாள், வேண்டியதை நீள லைனில் விட்டாள், முன்னால் இருந்த இரண்டை வேறு லைனில் தள்ளினாள். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் மெக்கானிக்கல் நண்பன் பாயிண்ட்ஸ்மேன் மாதிரி பக்கத்தில் நின்று பாயிண்ட் மாற்றிக்கொடுத்தான். ஐந்தாவது வேகன் சரியாகக் கோத்ததும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கிளப் தொடங்கினார்கள். அதில் சிலர் பலகைக்கு மேலே வீடும் மலையும் செய்தார்கள். இன்னும் சிலர் பலகைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை வைத்து வயரிங் செய்தார்கள். அந்த அடிப்பலகைக் கூட்டத்தில் சிலர்தான் 1950-களின் கடைசியில் அங்கே வந்த டி.எக்ஸ்-0 கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் உலகுக்கு 'ஹேக்கர்' என்ற வார்த்தையைக் கொடுத்தார்கள். ஆகவே பலகைக்கு அடியில் குனிந்து வேலை செய்வதைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

எங்கள் பலகை இப்போது எலக்ட்ரிக்கல் லேப் அலமாரிக்கு மேலே இருக்கிறது. பக்கத்திலேயே அந்த இண்டிகேட்டர் பல்பும் இரண்டு வயரோடு சால்டர் செய்து வைத்திருக்கிறோம். ஜூனியர்கள் கேட்டால் லேப் அண்ணன் எடுத்துத் தருவார். ஓட்டுங்கள், மாற்றுங்கள், நான்காவது லைன் போடுங்கள். எங்காவது என்ஜின் நின்றால் பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவதற்கு முன்னால் பல்பை வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

வாழ்த்துக்களுடன்,
இறுதியாண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை