ஆஸ்பெஸ்டாஸ் வேலையா? கிளெய்ம் ஃபைலை முதல் நாளே தொடங்குங்கள்

ஷீட் ஃபேக்டரி, பிரேக் லைனிங் யூனிட், பவர் பிளான்ட் லேகிங், குஜராத் ஆலங்கின் கப்பல் உடைக்கும் யார்டு. எங்கே ஆஃபர் வந்தாலும் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி இன்று உள்ளே போனால் நோய் 20, 30, சிலருக்கு 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் கான்ட்ராக்டர் போர்டை மாற்றியிருப்பார், கம்பெனி கைமாறியிருக்கும். அப்போது உங்கள் பக்கம் பேச இருப்பது காகிதம் மட்டும்தான்.

இங்கிலாந்தின் ராச்டேலில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா 1924-ல் 33 வயதில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி நோயால் இறந்தார். அப்படியொரு நோயே சட்டப் பட்டியலில் இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. இன்று இந்தியாவில் அந்தச் சாக்கு செல்லாது. ஆஸ்பெஸ்டோசிஸ் (நுரையீரல் தழும்பேறும் நோய்), ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) மூன்றும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே கிளெய்ம் படுத்துக்கொள்வது ஆதாரத்தில்தான்.

1. இன்டர்வியூவிலேயே கேளுங்கள். தொழிலாளியின் ஹெல்த் ரெக்கார்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் உத்தரவிட்டது. "மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட் காப்பி கைக்குக் கிடைக்குமா சார்?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். சண்டைக்காரர் இமேஜ் வராது, சேஃப்டி தெரிந்த ஆள் என்ற பெயர்தான் வரும். ஹெச்.ஆர். மழுப்பினால், அந்தக் கம்பெனியைப் பற்றி உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

2. ஃபைல் போடுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. கார்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலிலும் போட்டு வையுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களே, கேட் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் எந்தக் கம்பெனிக்குள் நின்று வேலை பார்த்தீர்கள் என்று சொல்லும் ஒரே காகிதம் பல நேரம் அதுதான். எந்த செக்‌ஷன், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, யார் சூப்பர்வைசர் என்று ஒரு டைரியில் குறியுங்கள்.

3. டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடவில்லை என்று மட்டும் சொன்னால் டி.பி., ஆஸ்துமா, வயசு என்று ஏதோ ஒன்றில் முடிந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி, நெஞ்சு சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள். ரிடையர் ஆனவருக்கும் இதே விதி.

4. எந்தக் கதவு என்று தெரிந்து தட்டுங்கள். இ.எஸ்.ஐ.-யில் இருந்தவருக்கு ஊனப் பலன் அங்கேதான். மெடிக்கல் போர்டு உழைக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று கணித்து மாதப் பணத்தை நிர்ணயிக்கும். இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் பலன். இ.எஸ்.ஐ. இல்லாதவர் இழப்பீட்டு ஆணையரிடம் போக வேண்டும். ஒரே நோய்க்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. ஆணையர் வழியில் இழப்பீட்டைக் கணக்கிடப் பெருக்கும் காரணி வயது ஏற ஏற இறங்கும்; 65 தாண்டினால் 99.37-தான். முதுமையில் வரும் நோய்க்கு இது அநியாயமான கணக்கு என்பது என் கட்சி. ஆனாலும் விதி அதுதான், ஆகவே ரிப்போர்ட் கையில் வந்தபின் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

5. சிகரெட்டை இன்றே விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸோடு அது சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. வேலை யூனிஃபார்மை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். துவைப்பவர் நுரையீரலுக்கும் அதே தூசிதான், அவருக்கு இ.எஸ்.ஐ. ஊனப் பலனும் கிடையாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண டெத் சர்ட்டிஃபிகேட்டில் இறப்புக் காரணம் இருக்காது. மருத்துவமனையின் ஃபார்ம் 4-ல்தான் இருக்கும். அதில் "மூச்சுத் திணறல்" என்று மட்டும் எழுதிவிடாமல் நோயின் பெயரையும் எழுதக் கேளுங்கள், பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் சேர்த்து வாங்குங்கள். ஃபைல் எந்த பீரோவில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது இன்றே சொல்லிவிடுங்கள். கிளெய்ம் போடப்போவது அவராகவும் இருக்கலாம்.