ஆசிரியருக்கு ஒரு பயணச்சீட்டு: ஆல்பேர் கான் நல்கைகள்

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வெளிநாடு செல்லப் பயண நல்கை கேட்டு விண்ணப்பித்தால் பெரும்பாலும் என்னென்ன கேட்பார்கள்? கட்டுரை ஏற்கப்பட்டதற்கான கடிதம், கட்டுரைச் சுருக்கம், விமானக் கட்டண விவரம், திரும்பி வந்தபின் ஓர் அறிக்கை. பொதுப்பணம் என்பதால் இவை தேவைதான். ஆனால் அவர் அங்கே எதைப் பார்க்கப் போகிறார் என்பது விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு நல்கை 1898-இல் பாரிசில் தொடங்கப்பட்டது. 'உலகைச் சுற்றி' என்பது அதன் பெயர். இளம் ஆசிரியர்களுக்குப் பணம் கொடுத்து, கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்று மக்கள் வாழ்வதைக் கண்ணால் பார்த்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுவது அதன் நோக்கமன்று.

பணம் கொடுத்தவர் ஆல்பேர் கான் என்ற வங்கியாளர். (பெயரைக் கேட்டு நம் ஊர்க் 'கான்' என எண்ண வேண்டாம். இவர் அல்சாசுப் பகுதியின் யூதக் குடும்பத்தில் 1860-இல் பிறந்தவர்.) 1870-71 போருக்குப் பின் அல்சாசு செர்மனியிடம் போனது. பதின்ம வயதில் பாரிசுக்கு வந்த கான், பகலில் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவரைவிடச் சில மாதங்களே மூத்த ஆன்றி பெர்க்சன். பிற்காலத்தில் தத்துவ அறிஞராகப் புகழ்பெற்று, 1927-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு பெற்றவர் இவர். அந்த ஆசிரியர்-மாணவர் நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பங்குகளில் பெரும் பணம் சேர்த்த கான், அதைச் செலவிட முதலில் தேர்ந்தெடுத்தது ஆசிரியர்களை என்பதில் எனக்கு வியப்பில்லை.

பிரான்சில் 'அக்ரெகாசியோன்' என்ற கடுமையான போட்டித் தேர்வு உண்டு. அதில் தேறியவர்கள் பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளிகளில் பணியாற்றுவார்கள். கானின் நல்கை இவர்களுக்கே. 1905 முதல் பெண் ஆசிரியர்களுக்கும் வழங்கப்பட்டது. கடல் கடந்து பெண்கள் பயணம் செய்வது அரிதாக இருந்த காலம் அது. பின்னர் சப்பான், செர்மனி, பிரிட்டன், அமெரிக்கா எனப் பல நாடுகளின் ஆசிரியர்களுக்கும் நல்கை விரிந்தது. 1911-இல் நியூயார்க்கில் அமைந்த அறக்கட்டளையின் பெயரிலேயே 'அமெரிக்க ஆசிரியர்களின் வெளிநாட்டுப் பயணம்' என்ற சொற்கள் இருந்தன.

இளைய தலைமுறைக்குக் கற்பிப்பவர் பிற நாட்டு மக்களைப் பார்த்துப் பழகியிருந்தால், நாடுகளுக்கிடையே பகை குறையும் என்பதே கானின் கணக்கு. 1914-இல் உலகப்போர் வந்தது. அதனால் கணக்கே தவறு என்று சொல்லிவிட முடியாது. சில ஆசிரியர்கள் பயணம் போனதால் ஒரு போர் நிற்கும் என்று யார் எதிர்பார்த்திருக்க முடியும்?

இந்த நல்கை இந்தியாவையும் தொட்டது. கேம்பிரிட்சு கிங்சு கல்லூரியில் பணியாற்றிய லோவெசு டிக்கின்சன் இதைப் பெற்று 1912 அக்டோபரில் பம்பாயில் வந்திறங்கினார். உடன் வந்த நண்பர்களுள் ஒருவர் எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர். டிக்கின்சனுக்கு நல்கைப் பணம்; ஃபார்ஸ்டருக்குச் சொந்தப் பணம். ஒரே கப்பலில் வந்த இவ்விருவரின் பயணங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

டிக்கின்சன் 'நாகரிகங்கள்' என்ற பெரிய கேள்வியோடு வந்தார். சில மாதங்கள் இந்தியாவில் சுற்றியபின் சீனாவுக்கும் சப்பானுக்கும் சென்றார். நல்கை அறங்காவலர்களுக்கு அவர் அளித்த அறிக்கை 1914-இல் நூலாக வந்தது. உண்மையான வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே இல்லை, இந்தியாவுக்கும் மற்ற உலகுக்கும் இடையேதான் என்று அதில் வாதிட்டார். சீனா அவர் மனத்தைக் கவர்ந்தது, இந்தியா கவரவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதன்று. அரச விருந்தினராகவும் ஆங்கில அதிகாரிகளிடையேயும் சில மாதங்கள் கழித்துவிட்டு ஒரு நாட்டையே எடைபோடுவது எப்படிச் சரியாகும்? எனினும், பணம் கொடுத்தவர் மகிழ வேண்டும் என்பதற்காக 'எல்லாம் சிறப்பு' என்று எழுதாமல், தமக்குத் தோன்றியதை எழுதிய நேர்மையை மதிக்கலாம்.

ஃபார்ஸ்டரோ ஒரு மனிதரைப் பார்க்க வந்தார். 1906-இல் இங்கிலாந்தில் சையது ராசு மசூது என்ற இந்திய இளைஞருக்கு அவர் இலத்தீன் கற்றுக்கொடுத்திருந்தார். அலிகர் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கானின் பேரன் மசூது. பம்பாயில் இறங்கிய ஃபார்ஸ்டர் தம் பழைய மாணவரைக் காண அலிகருக்குச் சென்றார். பின்னர் 1913 சனவரியில், மசூது வழக்கறிஞராக இருந்த பாட்னா அருகிலுள்ள பாங்கிப்பூருக்கும் போனார். அங்கிருந்து பராபர் குகைகளைப் பார்த்தார். 1924-இல் வெளியான 'எ பாசேச் டு இந்தியா' புதினத்தில் அந்தக் குகைகள் வேறு பெயரில் வருகின்றன. நூல் மசூதுக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டது.

டிக்கின்சனின் அறிக்கையை இன்று ஆய்வாளர்கள் தவிர யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஃபார்ஸ்டரின் புதினம் நூறாண்டு கடந்தும் வாசிக்கப்படுகிறது. எழுத்துத் திறமை ஒரு காரணம்தான். அந்த ஊரில் கதவைத் தட்ட ஒரு வீடு இருந்தது என்பதும் காரணம் என்று நினைக்கிறேன்.

கானின் பணம் நல்கைகளோடு நிற்கவில்லை. 1909 முதல் ஒளிப்படக் கலைஞர்களைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 72,000 வண்ணக் கண்ணாடித் தகட்டுப் படங்கள் சேர்ந்தன. இந்தியாவும் அவற்றில் உண்டு. 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் அவருடைய செல்வம் கரைந்தது, நல்கைகளும் நின்றன. 1940-இல் காலமானார். பாரிசை ஒட்டிய அவருடைய தோட்டமும் படங்களும் இன்று அருங்காட்சியகமாக உள்ளன.

இதே எண்ணத்தை அரசுப் பணத்தில் செய்தவர் அமெரிக்க மேலவை உறுப்பினர் ஃபுல்பிரைட். போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பயணங்களுக்குச் செலவிட 1946-இல் சட்டம் கொண்டுவந்தார். இந்தியாவுடன் 1950-இல் ஒப்பந்தம் ஆனது. 2008-இல் இந்தியாவும் சமபங்காகப் பணம் தரும் ஏற்பாடு வந்தபின் அது ஃபுல்பிரைட்-நேரு நல்கை ஆயிற்று.

வெளிநாடு செல்லும் வாய்ப்பு நம்மில் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் பக்கத்து ஒன்றியப் பள்ளியைப் பார்வையிடச் செல்வதும் பயணம்தான். மூன்று நாளில் ஏழு பள்ளிகள் என்று பட்டியல் போடுகிறோம். பதிவேட்டில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டு, தேநீர் குடித்துவிட்டு வண்டி ஏறுகிறோம். அதற்குப் பதிலாக ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரோடு, காலை வழிபாடு முதல் மாலை மணி வரை இருந்து பார்க்கலாம். அவர் எழுதப் படிக்கத் தடுமாறும் குழந்தையிடம் என்ன சொல்கிறார், நான்காம் பாடவேளையில் சோர்ந்துபோன வகுப்பை எப்படி எழுப்புகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிடிக்காததையும் அறிக்கையில் எழுதலாம். அந்த ஆசிரியரின் கைப்பேசி எண்ணை மறக்காமல் வாங்கி வர வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் உலகப்போரையும் பன்னாட்டுச் சங்கத்தையும் நடத்தும்போது டிக்கின்சனைச் சொல்லலாம். அச்சங்கத்துக்கான கருத்தை முன்வைத்தவர்களுள் அவரும் ஒருவர். பெருமந்தப் பாடத்தில் கானைச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் வேறொன்று கேட்டுப் பார்க்கலாம்: உங்களுக்கு ஓராண்டுப் பயணத்துக்குப் பணம் கிடைத்தால், எந்த ஊருக்குப் போய் யாருடைய கதவைத் தட்டுவீர்கள்? ஊர்ப் பெயரை உடனே சொல்வார்கள். 'யாருடைய' என்பதற்கு அவர்கள் யோசிக்கட்டும். இரண்டு நாள் கழித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.