பவளத் தொட்டி: விளக்குக்கு முன் உப்பைக் கவனியுங்கள்

பவளத் தொட்டியை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் விலை விசாரிப்பது புது எல்.இ.டி. விளக்கைத்தான். அதற்கு முன்னால் வாங்க வேண்டியது, குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் வற்றினால் அளவு 37 கிராமை நெருங்கும். கோடையில், அதுவும் குளிர்விக்க மின்விசிறி வைத்த தொட்டியில், இதற்குச் சில நாட்களே போதும். ஈடுகட்ட உப்புநீரை ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும். நன்னீர்தான் ஊற்ற வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கூட்டும் திருகு இருந்தால் அதை முழுக்க மூடிவிட்டுப் பிடியுங்கள். இல்லையேல் குழாய்நீரின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து பாசிக்குத்தான் விருந்து.

தினமும் கையால் ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். தவறாமல் ஊற்றுபவருக்குப் போதும். ஊருக்குப் போகிறவருக்குப் போதாது. கருவி பழுதானால் வீடே வெள்ளமாகுமே என்பது நியாயமான பயம். கருவியின் மிதவை சுவிட்சில் வெள்ளையாக உப்புப் படிந்தால் அது சிக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வினிகர் தொட்டுத் துடையுங்கள். நிரப்பும் வாளியும் சிறியதாகவே இருக்கட்டும்: மொத்தமும் கொட்டினாலும் தொட்டி வழியாது, பவளத்துக்கும் பெரிய அதிர்ச்சி இராது. உப்பின் அளவு நிலையாக இருக்கிறதா என்று பார்க்கும் உப்புமானியையும், 35 அளவு உப்புள்ள சோதனைத் திரவம் விட்டுச் சரிபாருங்கள். வெறும் நன்னீரில் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.